நான் செய்த நீர்யானைகள்

ஃபைபர் பொம்மை செய்கிற தொழிலில் முதலில் வருவது அரிப்பு. ஆர்டர் அதற்கப்புறம்தான் வரும். கண்ணாடி இழைப் பாயைத் துண்டு துண்டாக வெட்டி, ரெசின் என்கிற பிசினில் நனைத்து, அச்சுக்குள் ஒட்டி எடுக்கிற வேலை இது. அந்தத் தூள் சட்டைக்குள் புகுந்துவிட்டால் இரண்டு முறை குளித்தாலும் போகாது. மாமனார் வீட்டு விசேஷத்தில் நான் சொறிந்துகொண்டே சாப்பிட்டதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். “சரிங்க, செஞ்சிடலாங்க” என்று வாடிக்கையாளரிடம் தலையாட்டிவிட்டு, அவர் போனபிறகு அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று தேடுகிற தையல்காரர்களே, கேக் செய்கிறவர்களே, ஃப்ளெக்ஸ் டிசைன் போடுகிறவர்களே, நீங்களும் நானும் ஒரே படகில்தான் போகிறோம்.

என் பட்டறை தஞ்சாவூர் பைபாஸிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. பட்டுக்கோட்டைக் கடை வாசலுக்கு ஆளுயரத் தேங்காய், வேளாங்கண்ணியில் மீன் வறுக்கிற கடைக்குக் கொடுக்கைத் தூக்கிய நண்டு, கோயில்களுக்கு நந்தி, குதிரை எல்லாம் இங்கிருந்துதான் போயிருக்கின்றன. என்னோடு இரண்டு பேர். செல்வராஜ் அண்ணன் அச்சு எடுப்பவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லதா பெயின்ட் அடிப்பவர். அவருக்குப் பிடிக்காத நிறத்தை அடிக்கச் சொன்னால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்.

சில வருஷங்களாகப் பூங்கா, பள்ளிக்கூடம், மண்டபம் என்று எல்லோருக்கும் திடீரென்று நீர்யானை ஆசை வந்தது. நாங்கள் மூவருமே நீர்யானையை நேரில் பார்த்ததில்லை. பார்க்காத மிருகத்தைச் செய்து விற்றதில் எனக்குக் கிடைத்த அனுபவங்கள் இவை. தும்பிக்கை எங்கே என்று கேட்டவர்களின் கதைகளை விட்டுவிடுகிறேன். அவர்கள் நிறையப் பேர்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். போன வருஷக் கடைசியில் ஆர்டர்கள் ரொம்பவும் குறைந்துவிட்டன. என் மனைவி சுமதியின் அண்ணன் திருப்பூரில் ஒரு குடோனில் எனக்கு சூப்பர்வைசர் வேலை பார்த்து வைத்திருந்தார். “பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்க, பிள்ளைங்கள அங்க சேர்க்கணும்னா சேர்த்துடலாம்” என்று சுமதி சொல்லிவிட்டாள். பட்டறையா, திருப்பூரா என்ற அந்தக் கேள்விக்குப் பதிலும் கடைசியில் நீர்யானையிடமிருந்துதான் வந்தது.

கழுத்தில் ஒரு மணிச்சரம்

எங்கள் முதல் நீர்யானை மன்னார்குடி சாலையில் ஒரு தனியார் பூங்காவுக்குப் போனது. குளக்கரையில் படுத்திருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் தொழிலில் எதையும் அடியிலிருந்து புதிதாகச் செய்ய மாட்டோம். அச்சுதான் எங்கள் சொத்து. பசு அச்சில் கொம்பை மாற்றினால் எருமை, குதிரை அச்சில் காதை நீட்டினால் கழுதை. என்னிடம் ஆறடி நந்தி அச்சு ஒன்று இருந்தது. நீர்யானைக்குப் பீப்பாய் உடம்பு, குட்டைக் கால், தரையைத் தொடுகிற வயிறு என்று போனில் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது என்று துள்ளினேன். நந்தி அச்சில் உடம்பை வார்த்தோம். செல்வராஜ் அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, “மன்னிச்சுக்கப்பா” என்று சொல்லிவிட்டுக் கிரைண்டரால் திமிலை வழித்தார். பின்னங்காலைச் சுற்றிக் கிடந்த வாலை எடுத்துவிட்டுக் குட்டையாக, தட்டையாக ஒரு வால் வைத்தோம். பெட்டி மாதிரி ஒரு தலையும் புதிதாகச் செய்து ஒட்டினோம்.

எல்லாம் சரி, நந்தியின் கழுத்தில் இருந்த மணிச்சரம்தான் முழுதாகப் போகவில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயின்ட் அடித்தபோது பட்டறை வெளிச்சத்தில் ஒன்றும் தெரியவில்லை. பூங்காவில் மாலை வெயில் சாய்வாக விழுந்ததும் ஒவ்வொரு மணியும் வரிசையாக எழுந்து வந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் நீர்யானையின் நெற்றியில் யாரோ விபூதி வைத்திருந்தார்கள். நான் துடைத்துக்கொண்டிருந்தபோது குடும்பத்தோடு வந்திருந்த ஒருவர் பக்கத்தில் வந்து நின்று, கழுத்தைப் பார்த்து, என்னையும் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: “ஏங்க, ஆப்பிரிக்காவுலயும் பிரதோஷம் உண்டுங்களா?”

வாயின் அளவு

அடுத்ததாகப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில், கை கழுவுகிற இடத்தில் வைக்க நீர்யானைக் குப்பைத்தொட்டி கேட்டார்கள். வாய் திறந்திருக்க வேண்டும், காகித டம்ளரும் தட்டும் அதற்குள் விழ வேண்டும். மாடு அசைபோடும்போது எவ்வளவு திறக்குமோ அந்த அளவுக்கு வாயைத் திறந்து வைத்துவிட்டேன். முதல் முகூர்த்தத்திலேயே டம்ளர் எல்லாம் வெளியே விழுந்து, துப்புரவு செய்கிற அம்மா எனக்கே போன் செய்து திட்டினார்.

செல்வராஜ் அண்ணன் அப்போதுதான் போனில் ஒரு வீடியோவைத் தேடி எடுத்துக் காட்டினார். நீர்யானை வாயைத் திறந்தால் மேல் தாடை கிட்டத்தட்ட வானத்தைப் பார்க்கிறது, கீழ்த் தாடை தரையைப் பார்க்கிறது. உள்ளே கீழ்க் கோரைப்பற்கள் இரண்டும் அரிவாள் மாதிரி வளைந்து நிற்கின்றன. புல் தின்கிற மிருகத்துக்கு இது எதற்கு என்று கேட்டேன். திங்கறதுக்கு இல்ல, சண்டைக்கு என்றார். உள்ளதை உள்ளபடியே செய்துவிடுவோம் என்று அந்த அளவிலேயே திறந்து, பல்லையும் வைத்துக் கொண்டுபோய் இறக்கினோம். அடுத்த வாரம் மண்டபத்து மேனேஜர் பேசினார்: “வாய் சின்னதா இருந்தப்ப வெளிய விழுந்துச்சு. பெருசா ஆனப்புறம் பயந்துக்கிட்டு தூரத்துல நின்னு வீசறாங்க, அப்பவும் வெளியதான் விழுது. நடுவாந்தரமா ஒரு வாய் கெடைக்காதாங்க?”

லதாவின் நிறம்

யாரைக் கேட்டாலும் நீர்யானை சாம்பல் நிறம் என்பார்கள். லதாவுக்கு அதில் உடன்பாடு கிடையாது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணே, இது கத்திரிக்காயில கொஞ்சம் சேத்தைக் கலந்த நெறம். கண்ணு ஓரம், காது, வயிறு எல்லாம் ரோஸு” என்றார். அப்படியே அடித்தார். நன்றாகத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். அதன் தோலில் முடி கிடையாது, வெயில் தாங்காது, அதனால் செம்மண் நீர் மாதிரி ஒரு கசிவு வந்து உடம்பைக் காப்பாற்றும் என்று எங்கேயோ படித்துவிட்டார். வார்னிஷில் சிவப்பைக் கலந்து முதுகிலும் கழுத்திலும் ஒழுகவிட்டார். பட்டறையில் நாங்கள் மூவரும் கைகட்டி நின்று ரசித்தோம்.

அது வேளாங்கண்ணி போகிற வழியில் ஒரு விடுதிக்குப் போகவேண்டியது. விடுதிக்காரர் வண்டியிலிருந்து இறக்கவே விடவில்லை. வெயிலில் அந்தச் சிவப்பு ஈரமாக மினுங்கிக்கொண்டிருந்தது. நான் வியர்வை, கசிவு, தோல் என்று எவ்வளவோ விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “நீங்க சொல்றதெல்லாம் சரிங்க. ஆனா இதுக்கு அடி பட்டிருக்கு. முதல்ல கால்நடை டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க, அப்புறம் இறக்கிக்கலாம்.”

மேகலா மிஸ் கேட்ட ஜோடி

இந்த வருஷம் ஏப்ரலில், பட்டறைக்குள் தூசு கூடக் கிளம்பாமல் நாங்கள் சும்மா உட்கார்ந்திருந்தபோது மேகலா மிஸ் வந்தார். ஒரத்தநாடு சாலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் விலங்கியல் டீச்சர். பள்ளி வளாகத்தில் அறிவியல் தோட்டம் அமைக்கிறார்களாம். உலகத்தில் நீர்யானை இரண்டே இனம்தான், பெரிய நீர்யானையும் குள்ள நீர்யானையும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் உயிர் அளவில் நிறுத்தி, பிள்ளைகள் வித்தியாசத்தைத் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். பெரியது பதினோரு அடி நீளம், குள்ளமானது ஐந்தடி. பள்ளியின் தாளாளர் சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுக்க நினைத்தாராம். மிஸ்தான் உள்ளூரிலேயே செய்வார்கள் என்று அவரிடம் அடித்துப் பேசி எங்களிடம் வந்திருக்கிறார். இது சரியாக வந்தால் தாளாளரின் மற்ற நான்கு பள்ளிகளுக்கும் நாங்களே. சொதப்பினால் தோட்டமே கிடையாது, அந்த இடத்தில் ஸ்கூல் வேன் நிறுத்த ஷெட் போட்டுவிடுவார். எனக்கு நான்கு பள்ளிக்கூடம் என்றதுமே காது அடைத்துவிட்டது. திருப்பூர் குடோன் கண்ணுக்கு முன்னாலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனது.

நான் உற்சாகத்தில் ஒரு படம் வரைந்து காட்டினேன். மிஸ் அதைப் பார்த்துவிட்டு, “காலுக்கு அஞ்சு நகம் போட்டிருக்கீங்க சார், இது கோயில் யானை. நீர்யானைக்கு நாலு விரல்தான், நாலும் தரையில பதியும்” என்றார். எழுந்து போகும்போது, நான் சொல்லிச் சிரிக்க வைத்திருந்த பழைய கதைகளால் வந்த பயத்தில், வாசலில் நின்று சொன்னார்: “சார், அழகா இருக்கணும்னு நான் கேக்கலை. சரியா இருந்தா போதும்.”

சின்ன சைஸ்

பெரியது பிரமாதமாக வந்தது. கண், காது, மூக்குத்துவாரம் மூன்றையும் தலையின் மேல்பக்கமாகத் தூக்கி வைத்து, உதட்டை அகலமாக்கி, மூஞ்சியில் நைலான் முடியைக் கூடச் செருகினோம். சிவப்புக் கசிவை மட்டும் லதாவிடம் கெஞ்சித் தவிர்த்தேன். குள்ள நீர்யானையைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை. எங்கள் தொழிலில் நந்தி இரண்டடி, நாலடி, ஆறடி என்று வரும். எல்லாமே ஒரே நந்திதான், சைஸ்தான் வேறு. அதே மாதிரி பெரிய நீர்யானையை அளவெடுத்து, எல்லாவற்றையும் பாதிக்கும் கீழே குறைத்து, அச்சு அசலாகச் செய்து முடித்தேன். இரண்டையும் ஒன்றாக நிறுத்திப் படம் எடுத்துச் சுமதிக்குக் கூட அனுப்பினேன்.

திறப்பு விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது மேகலா மிஸ் பார்க்க வந்தார். பெரியதைச் சுற்றி வந்து விரல்களை எண்ணினார், முகம் மலர்ந்தது. சின்னதுக்கு முன்னால் வந்ததும் எண்ணுவதை நிறுத்திவிட்டார். தன் போனில் குள்ள நீர்யானைப் படத்தைக் காட்டினார். அது வேறு மிருகம். தலை உருண்டை, கண்கள் மேலே இல்லாமல் பக்கவாட்டில். உடம்போடு பார்த்தால் கால் நீளம், விரல்கள் விரிந்து தனித்தனியாக நிற்கின்றன. முதுகு நேராக இல்லாமல் முன்னால் சரிகிறது. நிறம் கறுப்பு. நான் செய்ததில் இதில் ஒன்றுகூட இல்லை. “சின்னதுன்னா குட்டின்னு நெனச்சுட்டேங்க மிஸ்” என்று உளறினேன். குட்டி என்றாலும் அது தப்புதான். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழைப்பிதழ் அடித்தாகிவிட்டது, தாளாளரிடம் அவர்தான் வாக்குக் கொடுத்திருக்கிறார். நான் செய்ததின் தலையைத் தடவிக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: “பெரியவங்களைச் சுருக்கினா குழந்தை ஆயிடுவாங்களா சார்?”

கரையில் கிடந்த மண்

மிஸ் போனதும் நான் சுமதிக்குப் போன் போட்டு, திருப்பூருக்குச் சரி என்று அவள் அண்ணனிடம் சொல்லிவிடச் சொன்னேன். அவள், “எட்டு நாள் இருக்குல்ல, ஒம்பதாவது நாள் சொல்றேன்” என்று வைத்துவிட்டாள். திரும்பிப் பார்த்தால் செல்வராஜ் அண்ணன் பைக்கில் சாக்குகளோடு கிளம்பிக்கொண்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் வாய்க்காலை எல்லாம் தூர்வாரிக் கரையில் களிமண்ணைக் குவித்திருந்தார்கள். கேட்டுக்கொண்டு இரண்டு நடை எடுத்து வந்தார். பழைய அச்சு எதையும் தொடாமல், என் அனுபவத்தில் முதல் முறையாக, ஒரு மிருகத்தை வெறும் மண்ணிலிருந்து ஆரம்பித்தோம்.

கண்ணை எங்கே வைப்பது என்று நான் படத்தையும் அளவுகோலையும் வைத்துக்கொண்டு தடுமாறினேன். செல்வராஜ் அண்ணன் சின்ன வயதில் எருமை மேய்த்தவர். “எருமை குட்டையில கெடக்கறத பாத்திருக்கியா? மூக்கும் கண்ணும்தான் வெளிய தெரியும். பெருசு அந்த மாதிரி நாளெல்லாம் தண்ணியில கெடக்கறது, அதான் கண்ணு உச்சியில. இது காட்டுக்குள்ள புதர்ல பூந்து போறது. பன்னி மாதிரி. முன்னால சரிஞ்சாத்தான் புதர்ல நுழைய முடியும், பக்கத்துல கண்ணு இருந்தாத்தான் வர்றவன் போறவன் தெரியும்” என்று சொல்லிக்கொண்டே இரண்டு கட்டைவிரலாலும் கண்களை அழுத்தி வைத்தார். சரியாக இருந்தது.

மே மாத வெயிலில் கலந்த ரெசின் மக்கிலேயே கல்லாகிவிடும். அதனால் விடியற்காலை நாலரைக்கே வந்து, மண் உருவத்திலிருந்து புது அச்சு எடுத்து, வெயில் ஏறுவதற்குள் ஒட்டி முடித்தோம். ஆறாம் நாள் லதா கறுப்பு அடித்து, அதில் பாசி நிறத்தைத் தொட்டும் தொடாமலும் இழுத்து, தோல் ஈரமாகத் தெரிய வார்னிஷ் போட்டார். பிறகு அந்த வழவழப்பான முதுகில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு சொன்னார்: “அண்ணே, இத்தனை வருஷமா நாம அச்சைத்தான் பாத்துக்கிட்டு இருந்தோம், மிருகத்தைப் பாக்கவே இல்ல.”

எது தப்பு?

விழாவுக்கு முதல் நாள் காலையில் இரண்டையும் மினி லாரியில் கொண்டுபோய்த் தோட்டத்தில் இறக்கினோம். தாளாளர் வெள்ளை வேட்டியில் வந்தார். அவர் குடும்பம் ஒரு காலத்தில் பண்ணை வைத்திருந்த குடும்பம், பேச்சில் அந்த அதிகாரம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரியதைப் பார்த்தார், சின்னதைப் பார்த்தார், மறுபடி பெரியதைப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணு மாதிரி இல்லையே. ஒண்ணுக்குக் கண்ணு மேல இருக்கு, ஒண்ணுக்குப் பக்கத்துல இருக்கு. நெறமும் வேற. இதுல எது தப்பு?” என்றார். நாங்கள் தூக்கிப் போட்ட அந்தத் தப்பான குட்டியைக் கொண்டுவந்திருந்தால் இந்நேரம் பாராட்டியிருப்பார் போலிருக்கிறது. மிஸ் பேரினம், சிற்றினம், வாழிடம் என்று விளக்க ஆரம்பித்தார். தாளாளர் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. ஷெட் போட இடம் அளப்பவர் மாதிரி தோட்டத்தை ஒரு பார்வை பார்த்தார்.

அப்போது செல்வராஜ் அண்ணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்து, “அய்யா, பெருசு குட்டையில கெடக்கற எருமை மாதிரிங்க. இது புதர்ல ஓடற பன்னி மாதிரிங்க. அது அதுக்குத் தேவையான எடத்துல கண்ணு” என்றார். தாளாளர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, சின்னதின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துப் பார்த்தார். எழுந்துபோய்ப் பெரியதின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். “அட, ஆமாய்யா. இத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே மிஸ்” என்று சிரித்துவிட்டார். மேகலா மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சுமதிக்குப் போன் செய்தேன். “எங்க அண்ணன்கிட்ட நான் ஒண்ணுமே சொல்லல, நீங்க வேலையப் பாருங்க” என்றாள்.

தாளாளர் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, “மத்த நாலு பள்ளிக்கூடத்துக்கும் நீங்களே செஞ்சிடுங்க. இதே எருமை, இதே பன்னி. ஒரே ஒரு மாத்தம்தான், ரெண்டையும் ஒரே சைஸா செஞ்சிடுங்க. கேட்டுல நின்னு பாக்கறப்ப ஜோடியா அழகா இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். நான் திகைத்துப்போய் மேகலா மிஸ்ஸைப் பார்த்தேன். சரியா இருந்தா போதும் என்று சொன்ன அந்த அம்மா, கார் வாசலைத் தாண்டுகிறவரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அளவை மாத்தாதீங்க சார். பெருசைத் தோட்டத்துக் கடைசியில வைங்க, சின்னதை முன்னால வைங்க. கேட்டுல நின்னு பாத்தா ஒரே சைஸாத்தான் தெரியும்.”

ஆர்டர் கொடுக்கிறவருக்குத் தூரத்திலிருந்தும் பிள்ளைகளுக்குக் கிட்டத்திலிருந்தும் சரியாகத் தெரிகிற ஓர் இடம் எந்த வளாகத்திலும் இருக்கத்தான் செய்கிறது, அதைத் தேடி நீர்யானையைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்குத்தான் ஃபைபர் பொம்மைத் தொழில் என்று பெயர்.